சம்பந்தியம்மா ஏன் செர்பிய மொழியில் பேசினார்?

"சிஸ்டர், நீங்க எனக்குச் சொல்லித்தந்தது நெசமாவே மாசிடோனியன்தானா?"

வேலாயுதபெருமாள் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலை முடிந்த பிறகும் மனிதர்களைத் திறந்து பார்க்கும் வேலையை அவர் விடவில்லை.

அமலோற்பவம் சிஸ்டர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாசிடோனியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வெகுகாலம் பணி செய்துவிட்டு ஊர் திரும்பியவர். வயதில் இவரைவிடச் சின்னவர். தேவைக்கு மேல் பேசமாட்டார்.

"என்ன சந்தேகம், அண்ணாச்சி?"

"எல்லாமே சந்தேகம்தான்."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரே மகள் காந்திமதி, மாசிடோனியாக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பிட்டோலா என்ற ஊரில் இருக்கிறாள். நிறைமாதம் நெருங்குகிறது. தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவதென்றால் இந்த வாரமே கிளம்பியாக வேண்டும். அதற்குமேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

தாய் இல்லாத பெண். "நீங்க வான்னா வாரேன்பா, இருன்னா இருக்கேன்" என்று முடிவை அப்பாவிடம் விட்டுவிட்டாள்.

அந்த வீட்டை நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் மனிதர் கல்யாணம் முடிந்த கையோடு மொழி படிக்கக் கிளம்பினார்.

முதலில் படித்தது செர்பிய மொழி. போனில் இருந்த செயலியில் அதுதான் இருந்தது. இரண்டும் முன்பு ஒரே யுகோஸ்லாவியா நாடாக இருந்தவை, மொழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். படித்த நாலு வாக்கியத்தைச் சம்பந்தியம்மா லூபிட்சாவிடம் பேசியும் காட்டினார். பிறகுதான் சிஸ்டரைக் கண்டுபிடித்து மாசிடோனியன் ஆரம்பித்தார்.

ஆரம்பித்த அன்றே தகராறு.

"வேற்றுமை உருபெல்லாம் எங்க சிஸ்டர்? செர்பியன்ல ஏழு இருக்கே."

"இதுல இல்ல. கூப்பிடுததுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"பக்கத்து வீட்டுக்காரன் ஏழு வச்சிருக்கான். இவங்க எங்க கொண்டு ஒளிச்சாவ?"

"ஒளிக்கல. காலப்போக்குல உதுந்துபோச்சு."

"உதுந்துபோச்சாம்!"

"அதுக்குப் பதிலா இதுல வினைச்சொல்லு கஷ்டம் அண்ணாச்சி. நடந்ததைக் கண்ணால பாத்தியளா, யாரும் சொல்லிக் கேட்டியளான்னு அதுலயே தெரிஞ்சுரும்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. சுலபமாகக் கிடைக்கும் எதையும் அவர் நம்புவதில்லை.

செர்பியர்கள் இரண்டு வகை எழுத்தில் எழுதுவார்கள், மாசிடோனியர்கள் ஒன்றில்தான் என்று சொன்னபோதும் அவருக்குச் சந்தேகம்தான். "ரெண்டு கையெழுத்து வச்சிருந்த ஆளை நான் லேசுல விட்டதே இல்ல" என்றார்.

இப்படியெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டே அவர் நன்றாகவும் படித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"சம்பந்தியம்மாட்ட மாசிடோனியன்ல பேசுதேன். அந்தம்மா செர்பியன்ல பதில் சொல்லுதாவ. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். அடுத்த நிமிசம் என் மகட்டத் திரும்பி மாசிடோனியன்ல பேசுதாவ. எனக்கு ஒரு பாஷை, வீட்டுக்குள்ள ஒரு பாஷை."

"அதனால?"

"நீங்க தப்பாச் சொல்லித்தந்திருக்கணும். இல்ல, அந்தம்மா எதையோ மறைக்கணும். மகளை வரச்சொல்லிரலாம்னு இருக்கேன்."

சிஸ்டர் அடுத்த கீரைக்கொத்தை எடுத்தார்.

"நீங்க கொச்சியில வேலை பாத்தியள்லா? அங்க மலையாளம் பேசுனியளா?"

"பேசாம? நல்லாவே பேசுவேன்."

"கடைக்காரங்க என்ன பாஷையில பதில் சொன்னாவ?"

"தமிழ்லதான்."

"எதுக்கு?"

"வெளியூர்க்காரன்னு தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குக் காட்டத்தான். விலையை ஏத்தணும்லா."

சிஸ்டர் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"போனைத் தாங்க."

"எதுக்கு?"

"தாங்க அண்ணாச்சி."

அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். சிஸ்டர் பிட்டோலாவுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் வைத்தார். காந்திமதி எடுத்தாள். அத்தையைக் கூப்பிடச் சொன்னார்.

லூபிட்சா வந்ததும் சிஸ்டர் மாசிடோனிய மொழியில் கேட்டார்: "காந்திமதியின் அப்பா உங்கள் மொழியில் பேசுகிறார். நீங்கள் ஏன் செர்பிய மொழியில் பதில் சொல்கிறீர்கள்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

வேலாயுதபெருமாள் சிஸ்டரைப் பார்த்தார். பார்த்தீர்களா, பதில் இல்லை என்பதுபோல.

பிறகு லூபிட்சா பேசினார். மெதுவாகத்தான் பேசினார். தமக்குள் பேசிக்கொள்வதுபோல, தம் மொழியிலேயே பேசினார். வேலாயுதபெருமாள் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் ஒரு சொல் பிடிபட்டது. முதல் நாள். அடுத்து இன்னொன்று. மொழி. அதன் பிறகு வாக்கியங்கள் முழுசாகவே வந்தன.

"முதல் நாள் அவர் அந்த மொழியில்தான் பேசினார். அதுதான் அவருக்கு வசதி என்று நினைத்தேன். எங்கள் மொழியில் அவர் திணறும்போது பாவமாக இருக்கும்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"யுகோஸ்லாவியா உடைந்த சமயத்தில் என் தம்பி பட்டாளத்தில் இருந்தான். அங்கே உத்தரவெல்லாம் அந்த மொழியில்தான். அவன் செத்துப்போனான் என்று வந்து சொன்னவர்களும் அந்த மொழியில்தான் சொன்னார்கள். அன்றைக்கு விட்டதுதான். பிறகு யாரிடமும் நான் அதைப் பேசியதில்லை. வீட்டில் டிவியில்கூட வைக்கவிட மாட்டேன்."

பிறகு சம்பந்தியைப் பற்றிச் சொன்னார்.

"ஆனால், பெண்ணைக் கொடுத்த மனுஷர். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு மொழியைப் படித்துக்கொண்டு வந்து பேசுகிறார். அவருக்கு அதில் பதில் சொல்லாமல் எப்படி இருப்பேன்?"

சிஸ்டர் மொழிபெயர்த்துச் சொல்லத் திரும்பினார்.

வேலாயுதபெருமாள் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

போனில் காந்திமதியின் குரல் வந்தது.

"அப்பா, அத்தை சொன்னது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"சரிப்பா. நான் கிளம்பணுமா, வேண்டாமா? இன்னைக்குச் சொல்லிருங்க."

"வேண்டாம்மா. நீ உன் வீட்டுலயே இரு. நான் வாரேன்."