வாயைத் திறக்காத கெளுத்தி

ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நீலமீசை என்ற கெளுத்தி மீன் இருந்தது. முதுகு நீலம். மீசை அதைவிட நீலம். அதன் வாய்க்குள் நாற்பத்திரண்டு முட்டைகள் இருந்தன.

வயிற்றுக்குள் இல்லை, வாய்க்குள்தான். அந்தக் கெளுத்திகளின் வழக்கமே அப்படி. அம்மா முட்டை இடும். ஒவ்வொரு முட்டையும் கோலிக்குண்டு அளவு இருக்கும். இட்டு முடித்ததும் அம்மா கடலுக்குப் போய்விடும். அப்பா எல்லாவற்றையும் வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரிந்து, தானாக நீந்தும் தெம்பு வரும்வரை இரண்டு மாதம் அப்படியே சுமக்கும். மூச்சு விட ஒரு நூல் அளவு இடைவெளி, அதற்கு மேல் வாய் திறக்காது. சாப்பாடு கிடையாது. பேச்சு கிடையாது. கொட்டாவிகூடக் கிடையாது.

கொழுத்த இறால் மூக்கை உரசிக்கொண்டு போனாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கரையில் தூண்டில் போடுகிற மனிதர்கள் புழுவை மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். கடைசியில், இந்த மாதம் கெளுத்தி கடிக்காது என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். ஏன் கடிக்கவில்லை என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அந்த ஆற்றுக்கு ஒரு தலைவர் உண்டு. நெட்டைக்கால் என்ற நாரை. போன வருஷம் சினைக் காலத்தில் பறவைகள் அகப்பட்ட மீனையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. அடுத்த மாதங்களில் ஆற்றில் மீனே இல்லை. பறவைகள் சேற்றைக் கொத்திக்கொண்டு திரிந்தன. அந்தப் பசி நெட்டைக்காலுக்குப் புத்தியைக் கொடுத்தது. இந்த வருஷம் சினைக் காலம் தொடங்கும்போதே மணல்திட்டில் கூட்டம் கூட்டி, சட்டம் போட்டது. சினை மீனைத் தொடக்கூடாது. வயிறு உப்பியிருந்தால் போகலாம். வயிறு ஒட்டியிருந்தால் சாப்பாடு.

எல்லோரும் நாரையைப் புகழ்ந்தார்கள். மீன்கள்தான் அதிகம் புகழ்ந்தன. மடவை மீன்கள் அழுதே விட்டன.

யாருக்காவது மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றது நாரை. நீலமீசைக்கு இருந்தது. கூட்டத்துக்கு வந்த எல்லா ஆண் கெளுத்திகளுக்கும் இருந்தது. ஆனால் எல்லோர் வாயிலும் முட்டை. ஒரு சொல்லும் வரவில்லை. சட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

கடல்நீர் ஏறும்போது அந்த ஆறு அகலமாக இருக்கும். வற்றும்போது இரண்டு சேற்று மேடுகளுக்கு நடுவே ஒரு முழ அகல ஓடையாகச் சுருங்கிவிடும். கீழே போகிற மீன் எல்லாம் அந்த ஓடை வழியாகத்தான் போக வேண்டும். நாரை தினமும் அங்கே போய் நின்றுகொண்டது. ஒவ்வொரு மீனும் பக்கவாட்டில் சாய்ந்து வயிற்றைக் காட்ட வேண்டும். தப்பிப் போகிறவர்களைப் பிடிக்க, சற்றுக் கீழே ஒரு மூங்கில் கழியின் மேல் கரிச்சட்டி என்ற நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது.

நீலமீசை அந்தப் பக்கமே போகவில்லை. மேலே அலையாத்தி மரங்களின் வேருக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு. ஆறு வற்றினாலும் அங்கே தண்ணீர் நிற்கும். நீலமீசையும் வேறு ஏழு அப்பாக்களும் அங்கே ஐம்பது நாட்களை ஓட்டிவிட்டார்கள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

அப்போது பார்த்து எங்கேயோ மேற்கே மழை கொட்டியது. ஆறு செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்துபோனது. அடுத்த நாள் பௌர்ணமி. பௌர்ணமி அன்று கடல் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு இறங்கும். பள்ளத்தில் இருந்தால் மத்தியான வெயிலில் சேற்றில் கிடந்து வேக வேண்டும். வெளியே போனால் நாரை. எட்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசி முடிவெடுக்க வழியில்லை. தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் நீலமீசை முதலில் கிளம்பியது. மற்ற ஏழும் வேருக்குள் ஒண்டி நின்றன. யாரால் அவர்களைக் குறை சொல்ல முடியும்? ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குடும்பம் இருந்தது.

ஓடையில் வரிசை நீளமாக இருந்தது. வயிறு உப்பிய மடவை ஒன்று சாய்ந்து காட்டியது. போம்மா, பார்த்துப் போ என்று நாரை வழிவிட்டது. அதன் பின்னால் வந்த ஒரு கெண்டைக்கு வயிறு ஒட்டியிருந்தது. அது என்னவோ சொல்ல ஆரம்பித்தது. முடிக்கவில்லை.

அடுத்து நீலமீசை.

"வயிறு?" என்றது நாரை.

ஐம்பது நாள் பட்டினி கிடந்த உடம்பில் வயிறு எங்கே இருக்கும்? வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. நாரை அதைப் பார்த்துவிட்டு, இதில் கறியே தேறாது போலிருக்கிறதே என்று சலித்துக்கொண்டது.

வழி கிடைத்துப் போன மடவை திரும்பி வந்தது. நல்ல மனசு அதற்கு. "அண்ணாச்சி, அவங்க ஆளுங்க வாயிலதான் முட்டை வச்சிருப்பாங்க. விட்டுருங்க" என்றது.

நாரை சிரித்தது. அலகுக்குள் வயிறு வைத்திருக்கிற கொக்கை யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டது. மேட்டில் இருந்த நண்டுகள் எல்லாம் சிரித்தன. சட்டத்தில் வயிறு என்றுதான் இருக்கிறது, வாய் என்று இல்லை என்றது நாரை. பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களே என்று தோன்றியதோ என்னவோ, குரலை இறக்கியது.

"சரி. நான் ஒண்ணும் அநியாயக்காரன் இல்ல. வாயைத் திற. ஒரு தடவை பார்த்துக்கிறேன். முட்டை இருந்தா போயிட்டே இரு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நீலமீசை கீழே பார்த்தது. ஓடைத் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடியது. வாயைத் திறந்தால் முட்டைகள் உருண்டு அதோடு போய்விடும். ஒன்றைக்கூடத் திரும்பப் பிடிக்க முடியாது. கீழே கழியின் மேல் கரிச்சட்டி ஏற்கெனவே கழுத்தை நீட்டி வைத்துக்கொண்டு இருந்தது.

ஒற்றைக் கொடுக்கு நண்டு ஒன்று மேட்டிலிருந்து கத்தியது. "ஒண்ணும் இல்லாதவன்தான் வாயை மூடிக்கிட்டு நிப்பான். இருந்தா காட்ட வேண்டியதுதானே?"

வரிசையில் பின்னால் நின்ற மீன்கள் அவசரப்படுத்தின. காட்டிவிட்டுப் போய்யா, எங்களுக்கு நேரமாகிறது என்றன. மடவைகூடக் கெஞ்சியது. கொஞ்சமாகத் திறந்தால் போதும் அண்ணே, ஓரமாக, ஒரு முட்டை தெரிகிற அளவுக்கு என்றது.

நீலமீசைக்கு ஒரு நொடி தாடை தளர்ந்தது. எல்லோரும் சொல்கிறார்களே. ஒரு ஓரமாக, கொஞ்சமாக. அப்போது நாக்கின் மேல் ஒரு முட்டை அசைந்தது. உள்ளே குஞ்சு வாலை மடக்கிப் புரண்டது. அவ்வளவுதான். தாடை இறுகியது.

இவனிடம் எதற்குக் காட்ட வேண்டும்? இது என்ன இவன் முட்டையா? சுமந்தது யார், பட்டினி கிடந்தது யார்? காட்டினால் முட்டை போய்விடும். காட்டாவிட்டால் முட்டையே இல்லை என்பான். இதற்குப் பெயர் விசாரணையா? நீலமீசைக்கு வந்த கோபத்தில் ஐம்பது நாள் பசி எங்கே போனது என்றே தெரியவில்லை.

அது வாயைத் திறக்கவில்லை. முள்ளைத் திறந்தது. கெளுத்திக்கு மூன்று முள் உண்டு. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. மூன்றும் டக்கென்று விறைத்து நின்றன.

அந்த ஓடையில் இதுவரை யாரும் நாரையை எதிர்த்ததில்லை. எதிர்த்தால் என்ன செய்வது என்று நாரைக்கும் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. முள்ளைப் பார்க்காமல் ஒரே கொத்தாகக் கொத்தித் தூக்கியது.

முதுகு முள் மேல் அலகின் உட்பக்கத்தில் ஏறியது. பக்க முள் ஒன்று கீழ் அலகின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. வலி தாங்காமல் நாரை அலகை நெரித்தது. அந்த நெரிப்பில் நீலமீசையின் வாயோரத்திலிருந்து மூன்று முட்டைகள் பிதுங்கி ஓடையில் விழுந்தன. உருண்டன. கரிச்சட்டி பாய்ந்து மூன்றையும் விழுங்கிவிட்டது.

"அண்ணாச்சி, நெசமாவே முட்டைதான்" என்றது கரிச்சட்டி. "நல்லாருக்கு."

மேட்டில் சிரிப்பு நின்றது. ஒற்றைக் கொடுக்கு நண்டு தன் வளைக்குள் இறங்கிவிட்டது.

நாரை இப்போது விட்டுவிடத்தான் பார்த்தது. தலையை உதறியது. முடியவில்லை. கெளுத்தி விறைத்த முள், கெளுத்தியே மடக்கினால்தான் மடங்கும். அலகு பாதி திறந்தபடி மாட்டிக்கொண்டது.

"முள்ளை மடக்கு" என்று குழறியது நாரை. "நீ போலாம். ஒனக்கு மட்டும் அனுமதி."

நீலமீசைக்கு மூச்சு முட்டியது. தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டு இருந்தது. வாயில் இருந்த ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தது. செவுள் எரிந்தது. முள்ளை மடக்கினால் அடுத்த நொடி தண்ணீர். முப்பத்தொன்பது முட்டையும் பிழைக்கும். ஆனால் அதன் காதில் ஒரு சொல் மட்டும் தைத்தது. ஒனக்கு மட்டும். அப்படியானால் மேலே வேருக்குள் நிற்கிற ஏழு பேர்? அவர்களும் ஒவ்வொருவராக வந்து வாயைத் திறக்க வேண்டுமா?

அது முள்ளை மடக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குரல் கொடுத்தது. வாயைத் திறக்காமல்தான். கெளுத்தியின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப் பை உண்டு. அதை அதிர வைத்தால் மத்தளம் மாதிரி சத்தம் வரும். கொர்ர்ர், கொர்ர்ர் என்று அது முழங்கியது. நாரையின் மண்டை ஓடு வரைக்கும் அதிர்ந்தது.

மேலே வேருக்கு அடியிலிருந்து ஒரு கொர்ர் பதில் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஏழும் சேர்ந்து வந்தன. முள்ளை விறைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, நாரையின் இரண்டு காலுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றுகூடச் சாய்ந்து வயிற்றைக் காட்டவில்லை. வரிசையில் நின்ற ஒட்டிய வயிற்று மீன்களும் சந்தோஷமாகக் கூடவே புகுந்து ஓடின. கரிச்சட்டி முட்களைப் பார்த்துவிட்டுக் கழியின் உச்சிக்கு ஏறிக்கொண்டது.

கடைசி வால் ஓடையைத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் நீலமீசை முள்ளை மடக்கியது. தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. கொஞ்ச தூரம் மல்லாந்தே மிதந்து போனது. பிறகு புரண்டு நேராகி நீந்தியது. கழியைத் தாண்டும்போது மட்டும் ஒரு முறை நின்றது. மூன்று முட்டை விழுந்த இடம் வெறும் தண்ணீராக ஓடிக்கொண்டு இருந்தது.

மறுநாள் வீங்கிய அலகோடு நாரை சட்டத்தைத் திருத்தியது. வாயில் முட்டை வைத்திருக்கிறவர்களும் போகலாம், ஆனால் திறந்து காட்ட வேண்டும் என்றது. மேலாற்றில் இன்னும் நிறைய அப்பாக்கள் இருந்தன. நடந்த கதை அதற்குள் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாம் கூட்டமாக முள்ளை விறைத்துக்கொண்டு வந்தன. நாரை அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, கடலை ஒட்டிய ஆழத்தில் நீலமீசை வாயைத் திறந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாவற்றுக்கும் துளித்துளி மீசை. முப்பத்தொன்பது. நீலமீசை இரண்டு முறை எண்ணியது. அப்புறமும் வாயை மூட மனமில்லாமல் சற்று நேரம் காத்திருந்தது.

நாரை கரையோரமாக நடந்து வந்தது. குரலில் இப்போது மரியாதை இருந்தது. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்று வருத்தப்பட்டது.

நீலமீசை இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பேசியது.

"அன்னைக்கே சொன்னேனே. அலகைத் தடவிப் பாரு."

சொல்லிவிட்டு, பக்கத்தில் போன இறால் ஒன்றைப் பிடித்துத் தின்றது.

உன்னிடம் இருப்பதைக் கொட்டிக் காட்டினால்தான் நம்புவேன் என்கிறவனுக்கு நீ எதையும் காட்ட வேண்டியதில்லை.