வலிக்காத கால்

கரிசல் காட்டில், ஒரு கண்மாயின் மேற்குக் கரையில், பூரணியம்மை என்ற துறவி சிறிய மடம் ஒன்றை நடத்திவந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. சீடர்கள் ஏழு பேர். அவர்களில் மூத்தவர் பெத்தணன். குருவைவிடப் பதினேழு வயது பெரியவர்.

பெத்தணன் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர். மனைவி முன்பே இறந்துவிட்டாள். ஒரே மகனும் கிணற்றில் விழுந்து இறந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மடத்துக்கு வந்து பூரணியம்மை முன்னால் விழுந்தார்.

"வலி தாங்க முடியலைம்மா. இது இல்லாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

அப்படி வந்தவர் ஆறு வருஷமாக அங்கேயே இருந்தார். தியானத்தில் உட்கார்ந்தால் அசையமாட்டார். யார் மீதும் கோபமில்லை, எதற்கும் அழுகையில்லை. காலில் செருப்புப் போடமாட்டார். முள் குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டு நடையைத் தொடர்வார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய வலது பாதம் வீங்கத் தொடங்கியது. உள்ளங்காலின் குழிவு மறைந்து பாதம் பலகைபோல ஆயிற்று. பிறகு அங்கங்கே சின்னச் சின்னப் புண்கள் திறந்து நீர் கசிந்தது. அவர் ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போலத் தண்ணீர் சுமந்தார்.

"வலிக்கலையா?" என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

"கால் வீங்குது. அதுக்கு நான் என்ன செய்ய?" என்பார்.

அந்தப் பதில் பூரணியம்மையின் காதுக்குப் போனது. "அண்ணனைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார். பெத்தணன் தலைகுனிந்துகொண்டார். மனசு குளிர்ந்தது. அப்படிக் குளிரலாமா என்று கொஞ்சம் குழம்பினார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

மடத்தில் சமையல் பார்த்தவள் வடிவு. முன்பு பட்டாசுப் பட்டறையில் வேலை செய்தவள். ஒரு காலையில் கூடத்தைப் பெருக்கியவள் விளக்குமாற்றோடு பூரணியம்மையிடம் வந்தாள்.

"பெத்தணண்ணன் உக்காந்த எடத்துல கருமருந்து மாதிரி என்னமோ கெடக்கும்மா. தினமும் கெடக்கு."

உள்ளங்கையை விரித்தாள். கரிய, பொடிப்பொடி மணிகள்.

பூரணியம்மை அவற்றை வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய்ப் பெத்தணன் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"காலைக் குடுங்கண்ணே."

பெத்தணன் பதறிப் பின்னால் நகர்ந்தார். "குருவாச்சேம்மா நீங்க. என் காலைத் தொடலாமா?"

பூரணியம்மை பாதத்தை இழுத்து மடியில் வைத்தார். துணியை அவிழ்த்துக் கட்டைவிரலால் அழுத்தினார். புண்ணின் வாயிலிருந்து சீழோடு மூன்று கரிய மணிகள் வெளியே வந்தன.

"வலிக்குதா?"

"இல்லைம்மா."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வலிக்கவே இல்லையே. எதுக்கு?"

"அதுக்குத்தான்."

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மணியை நசுக்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கிக்குள் பெத்தணனையே பார்க்கச் சொன்னார். ஒன்றோடொன்று பின்னிய நூல்கள் தெரிந்தன. சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி இருந்தது.

"இது பூஞ்சை. மண்ணுல இருக்கும். எப்பவோ முள் குத்தினப்ப உள்ள போயிருக்கு" என்றார் டாக்டர். "உள்ள போனதும் நூல் விட்டுப் பரவும். உடம்பு அதைச் சும்மா விடாது, சுத்திச் சுவர் கட்டும். அதுவும் தன்னைச் சுத்தி ஒரு ஓடு கட்டிக்கும். அந்த ஓடுதான் இந்த மணி. உடம்பாலயும் அதைத் தொட முடியாது, மருந்தும் லேசில போகாது. அது பாட்டுக்குச் சதையைத் தாண்டி எலும்புக்குப் போயிரும். உங்களுக்கும் எலும்பு அரிச்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"ஆனா வலிக்கலையே, சார்."

"வலிச்சிருந்தா மூணு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருப்பீங்களே."

பெத்தணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பு அரித்துப்போயிருந்தது. காலைக் கணுக்காலுக்கு மேல் வரை வெட்டி எடுத்தாக வேண்டும் என்றார்கள். அவர் பூரணியம்மையைப் பார்த்தார். பூரணியம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெத்தணன் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்.

காலை எடுத்த மூன்றாம் நாள் மத்தியானம் அவர் அலறிய அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. பூரணியம்மை ஓடிவந்தார்.

"எங்கண்ணே வலிக்குது? கட்டுப் போட்ட எடத்துலயா?"

"இல்லைம்மா. அதுக்குக் கீழ. பாதம் வலிக்குது. விரலு வலிக்குது."

கட்டுக்குக் கீழே வெறும் போர்வைதான் இருந்தது. பெத்தணன் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இருந்தப்ப வலிக்காத காலு, போன பெறகு வலிக்குதேம்மா. இது என்ன கூத்து?"

நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். அலறல் முனகலாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவர் மெல்லச் சொன்னார்.

"இத்தனை நாளா வலிக்காம இருந்தது என் தவம்னு நெனைச்சேன். நீங்களும் என்னைப் பாத்துக் கத்துக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். நானும் ஏமாந்துதான் போனேன், அண்ணே."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. குரு ஏமாறுவார் என்று அவர் நினைத்ததே இல்லை. பிடித்துக்கொண்டிருந்த கட்டில் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"சரி, காலு பூஞ்சையால வலிக்கலை. டாக்டரு கண்ணாடியில காட்டிட்டாரு, ஒத்துக்கிறேன். ஆனா என் மகன் இருக்கானே... அவன் போனதுகூட, மடத்துக்கு வந்த பெறகு இந்த ஆறு வருசமா எனக்கு வலிக்கலை. நெஞ்சுல அந்த எடம் கல்லு மாதிரிக் கெடக்கு. நீங்க சொல்லித் தந்த அமைதி அதுதான்னு இருந்தேன். இப்ப ஒண்ணும் புரியலைம்மா. அது அமைதியா? இல்லை, அதுவும் இந்தக் காலு மாதிரியா? அதை எந்தக் கண்ணாடியில வச்சுப் பாக்குறது?"

காலை அழுத்திப் பார்த்த அன்றைப் போலவே பூரணியம்மை அவர் எதிரில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உங்க மகன் பேரென்ன, அண்ணே?"

ஆறு வருஷமாகியும் மடத்தில் ஒருவருக்கும் அந்தப் பேர் தெரியாது. பெத்தணன் வாயைத் திறந்தார். முதல் எழுத்துக்கு உதடு கூடியது.

அதற்குமேல் வரவில்லை.