எறும்பு மொய்க்காத தீவனம்

ஒரு காட்டுக் குளத்தில் மாசானம் என்ற நீர்நாயும் அவன் மனைவி பவளாயியும் மீன் வளர்த்து வந்தார்கள். மற்ற நீர்நாய்கள் மீனைத் துரத்திப் பிடிக்கும். மாசானம் துரத்த மாட்டான். கரையில் உட்கார்ந்து தீவனத்தைத் தூவுவான். கெண்டை மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கூட்டமாக வரும்.

"ஓடி ஓடிச் சாக நான் என்ன கிறுக்கனா?" என்று அவனுக்கு ஒரு பெருமை.

தீவனம் கொண்டுவருகிறவன் மூட்டைச்சாமி என்ற பெருச்சாளி. காடு முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் அவன் வளை இருந்தது. அரிசி ஆலைத் தவிடு, பிண்ணாக்குத் தூள், கோழிக்கடைக் கழிவு எல்லாவற்றையும் போட்டுப் பிசைவான். காயவைத்து, மூட்டை கட்டி, மூச்சு வாங்க இழுத்து வருவான். கூலியாகத் தாமரைக் கிழங்கு வாங்கிக்கொண்டு போவான். மீன் அவனுக்குப் பிடிக்காது.

"அண்ணாச்சி, மூட்டைய அவுத்துப் பாருங்க. ஒரு எறும்பு இருக்காது. ஒரு புல்லு ஒட்டியிருக்காது. நம்ம காயப்போடுத களம் அப்படி!" என்பான் ஒவ்வொரு முறையும்.

மாசானமும் அவிழ்த்துப் பார்ப்பான். எறும்பு இருக்காது. சுத்தமான சரக்குதான் என்று தலையாட்டிவிட்டுத் தூவுவான். கெண்டைகள் கொழுத்தன. அந்தக் கெண்டைகளைத் தின்று தடியப்பன் என்ற விரால் மீன் இன்னும் கொழுத்தான். அவன் குளத்திலேயே பெரியவன். தீவனமும் தின்பான், தீவனம் தின்ற கெண்டைகளையும் தின்பான். அவன் திரும்பினால் குளமே கலங்கும்.

நீர்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டி போட்டவளுக்கு, குட்டிகள் கண் திறக்கும் நாளில், குளத்திலேயே பெரிய மீனைப் பிடித்துக் கொடுப்பார்கள். அவள் தின்ற பிறகுதான் மற்றவர்கள் அந்தக் குளத்து மீனில் வாய் வைக்கலாம். பவளாயி அப்போதுதான் கருவுற்றிருந்தாள். குஞ்சு விட்டதிலிருந்து அவர்கள்கூட அந்த மீனில் வாய் வைக்கவில்லை; ஓடை நண்டும் நத்தையும்தான் சாப்பாடு. அதனால் மாசானம் காடு முழுக்கச் சொல்லிவிட்டான்.

"என் பிள்ளைங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் ஒருத்தனும் என் குளத்துல கை வைக்கக் கூடாது. வச்சா, இறக்கைய ஒடிச்சு அடுப்புல போட்ருவேன்."

இறக்கை என்று அவன் சொன்னது நீலமேகம் என்ற மீன்கொத்தியை மனதில் வைத்துத்தான். நீலமேகம் அன்றே கோபித்துக்கொண்டு ஓடைப்பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னான். அது பொய். யாரும் பார்க்காதபோது குளத்துக்கு வந்து தினமும் பொடிக் கெண்டைகளைத் திருடிக்கொண்டிருந்தான். சும்மா வாயைத் திறந்துகொண்டு வருகிற மீனை விட அவனுக்கு மனம் வரவில்லை.

சில மாதம் போயிற்று. நீலமேகத்துக்கு ஏதோ ஆகிவிட்டது. அம்பு மாதிரி பாய்கிறவன், இப்போது மீனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தான். ஒருநாள் ஓடையில் பாய்கிறேன் என்று எருமையின் முதுகில் போய்க் குத்தினான். எருமை திரும்பிப் பார்த்து, "ஏலே, கண்ணு தெரியலைன்னா சொல்லு, கூட்டிட்டுப் போறேன்" என்றது. காடே சிரித்தது.

நீலமேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கிளையில் உட்கார்ந்தால் கால் நடுங்கியது. வயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வலித்தது. ஓடை மீனையே தின்கிற அவன் தம்பிக்கு ஒன்றும் இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் தீனியில்தான் வித்தியாசம். அதை யோசித்தபோது நீலமேகத்துக்குப் புரிந்தது. குளத்து மீனில் ஏதோ இருக்கிறது. அதைத் தின்று பார்த்தவன் காட்டிலேயே அவன் ஒருவன்தான். திருடன் அவன் ஒருவன்தானே!

அதே வேளையில் பவளாயி குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் பால் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஒரு காலையில் மூத்த குட்டி ஒரு கண்ணைத் திறந்தது. மறு கண் இன்னும் மூடியே இருந்தது.

மாசானம் குதித்துக்கொண்டு குளத்தில் இறங்கித் தடியப்பனைப் பிடித்து வந்தான். குகை வாசலில் தோண்டிய குழியில் தண்ணீர் விட்டு அவனைப் போட்டான். "மறு கண்ணு முழிச்சதும் விருந்து" என்றான்.

"என்னைத் தின்னு தின்னுன்னு வளத்ததே இதுக்குத்தானா?" என்று தடியப்பன் குழிக்குள் அழுதான்.

"பின்ன, உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கவா?" என்றான் மாசானம்.

அப்போது நீலமேகம் வந்தான். வாசல் கிளையில் உட்காரப் பார்த்தான். கிளை ஒருபுறம் இருக்க, அவன் ஒருபுறம் போய்ச் சேற்றில் விழுந்தான். எழுந்து இறக்கையை உதறிக்கொண்டான். சொல்வதா, ஓடிவிடுவதா என்று ஒரு கணம் நின்றான். பவளாயியின் மடியில் முட்டி முட்டிப் பால் குடிக்கிற குட்டிகளைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"மதினி, அந்த மீனைத் தின்னாதீங்க."

"ஏன்லே?" என்றான் மாசானம்.

"அதுல விஷம் இருக்கு அண்ணாச்சி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நீலமேகம் தலையைக் குனிந்தான். "நான் தின்னேன். தினமும் தின்னேன். உங்க குளத்துலதான்."

மாசானத்துக்கு மீசை துடித்தது. "திருட்டுப் பயலே, எங்கிட்டயேவா!" என்று பாய்ந்தான். பவளாயி நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்கிறத அப்புறம் அடிங்க. இவன் வந்து உக்காந்த லட்சணத்தைப் பாத்தீங்களா? கிளை இவ்வளவு பெருசு, அதுல உக்காரத் தெரியலை. பொடி மீனத் தின்னவனுக்கே இந்தக் கதின்னா, அந்தப் பொடி மீன எல்லாம் முழுங்கின பெருசத் தின்னா எனக்கு என்ன ஆகும்? எம் பாலைக் குடிக்கிற பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்?"

மாசானம் அப்படியே நின்றுவிட்டான். பவளாயிக்கோ பசி காதை அடைத்தது. ஆனாலும், "என்ன ஏதுன்னு தெரியாம நான் வாய் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்நேரம் பார்த்து மூட்டைச்சாமி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் சரக்குல விஷமா? எறும்பு ஏறாத சரக்கு அண்ணாச்சி இது!"

"அந்தச் சரக்குல ஒரு வாய் தின்னு காட்டும்வே" என்றான் மாசானம்.

"நானா? இது மீனுக்குத்தானே. நான் எதுக்குத் திங்கணும்?"

"அந்த மீனை நாங்கல்ல திங்கப்போறோம்!"

மூட்டைச்சாமி விழித்தான். அந்தப் பக்கம் அவன் யோசித்ததே இல்லை. "வேணும்னா நம்ம களத்தை வந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான்.

மாசானம் அவனோடு போனான். காட்டின் ஓரத்தில் பாழடைந்த ஒரு கொட்டகை. மனிதர்கள் அங்கே பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, ஒருநாள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போயிருந்தார்கள். உடைந்த கறுப்புப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. தரையெல்லாம் சாம்பல் நிறத் தூள். சுற்றிலும் காடு பச்சையாக இருக்க, அந்த இடத்தில் மட்டும் ஒரு புல் இல்லை. நடுவில் மூட்டைச்சாமியின் தீவனம் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, எவ்வளவு சுத்தம்? புல்லு இல்ல, பூச்சி இல்ல. குருவிகூட எட்டிப் பாக்காது. காவலே வேண்டாம்."

மாசானம் நாலாபுறமும் பார்த்தான். "உம்ம பிள்ளைங்க இங்க வந்து விளையாடுமா?"

"ஐயய்யோ, எம் பொண்டாட்டி கொன்னுபோடுவா. இங்க வந்து உருண்டாலே பிள்ளைங்களுக்கு வயித்து வலியும் நடுக்கமும்..."

மூட்டைச்சாமி பாதியில் நிறுத்தினான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டான். அவன் வால் தரையில் தொங்கியது.

"அண்ணாச்சி, இத நான் சுத்தம்னு நெனச்சிட்டேனே" என்றான் மெதுவாக.

அவனைத் திட்ட மாசானத்துக்கு நேரமில்லை. வந்த வழியே ஓடினான். அவன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. முள் குத்தியது, பார்க்கவில்லை. குகை வாசலுக்கு வந்தால், மூத்த குட்டி இரண்டு கண்ணையும் திறந்து அவனைப் பார்த்தது. குழி காலியாக இருந்தது. உள்ளே பவளாயி எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

மாசானத்துக்கு உயிரே போய்விட்டது. "தின்னுட்டியா பவளாயி?" என்று அலறினான்.

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பிள்ளைங்க பயப்படுதுல்ல" என்றாள் அவள். "இது ஓடை நண்டு. நீலமேகம் கொண்டுவந்தான். பாஞ்சு பிடிக்க முடியாதுன்னு நடந்து போயே பிடிச்சிட்டு வந்திருக்கான், பாவம். அந்த விரால் ஓயாம அழுதுச்சு. காது வலிச்சுது. குளத்துக்குள்ளயே தள்ளிவிட்டுட்டேன்."

மாசானம் அங்கேயே தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குட்டிகள் அவன் வயிற்றில் ஏறி விளையாடின. அவன் ஒரு கையால் அவற்றை அணைத்து, மறு கையால் நீலமேகத்தை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். இறக்கையை ஒடிக்கவில்லை. நெடுநேரம் தடவிக்கொடுத்தான்.

மிச்சமிருந்த தீவனத்தை மூட்டைச்சாமியே அள்ளிக்கொண்டு போய் அந்தக் கொட்டகையில் போட்டுச் சுற்றி முள் அடைத்தான். குளத்து மீனை இனி யாரும் தின்னக் கூடாது என்று காடு முழுக்கச் சொல்லியாயிற்று. எல்லோரையும்விட சந்தோஷப்பட்டவன் தடியப்பன்தான். "நான் விஷம்! என்னை ஒருத்தனும் தொட முடியாது!" என்று குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். விஷம் என்று சொல்லிக்கொண்டு இப்படிக் கூத்தாடியவனை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை.

நீலமேகத்துக்கு ஓடைத் தீனியில் மெல்ல மெல்லக் குறி திரும்பி வந்தது. எப்போதாவது மட்டும் எருமை முதுகில் விழுவான். எருமை இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

மாசானம் வேறொரு குளத்தில் புதிதாகக் குஞ்சு விட்டான். மூட்டைச்சாமி இப்போது பாறை மேல் தீவனத்தைக் காயப்போடுகிறான். எறும்பு பாதியை இழுத்துக்கொண்டு போகிறது என்று புலம்புகிறான். "இழுக்கட்டும்வே. அது இழுக்குதேன்னு நீரு சந்தோஷப்படும்" என்கிறான் மாசானம். மூட்டையை அவிழ்த்ததும் முதல் பிடியை மூட்டைச்சாமி தின்றுகாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது குளத்துக்குப் போகும்.

நாம் தின்பது எதைத் தின்று வளர்ந்ததோ, அதையும் சேர்த்தே நாம் தின்கிறோம்; ஆகவே வாயில் வைக்குமுன் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.