தேடல் பெட்டியில் ஒரு விசாரணை

ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் கந்தவேல், வயதில் தன்னைவிட மிக இளையவரான மெஹர்பானுவிடம் பாடம் கேட்க வந்தார்.

திருச்சியில் ஓர் அறக்கட்டளை, தாய்மார்களுக்கான மருத்துவ ஆலோசனை இணையதளம் ஒன்றை நடத்திவந்தது. அதன் தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று படித்துப் பொருள் சொல்வது மெஹர்பானுவின் வேலை. தட்டியவர் யார் என்று தெரியாது. வார்த்தைகளும் ஊரும் நேரமும் மட்டும் வரும்.

“விசாரணை அறையிலேயே என் காலம் போயிடுச்சு மேடம்” என்றார் கந்தவேல். “எதிர்ல உட்கார்ந்தவன் எவனும் முழு உண்மை பேசினதில்ல. இந்தப் பெட்டிகிட்டதான் பேசுறான். மனுஷனோட நிஜ முகம் இதுதானே?”

“கொஞ்ச நாள் படிங்க சார்” என்றார் மெஹர்பானு.

படித்தார். மாமியார் பெயரைக் குழந்தைக்கு வைக்காமல் தப்பிப்பது எப்படி என்று யாரோ கேட்டிருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

ஒருநாள் காலை சிரிப்பில்லாமல் வந்து நின்றார்.

“இந்த ஊரைப் பாருங்க.”

நூற்பாலைகள் உள்ள சின்ன ஊர். தினமும் பிற்பகலில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே மாதிரி வார்த்தைகள். பெத்த குழந்தை மேல பாசம் வரல. குழந்தை அழுதா ஆத்திரமா வருது. குழந்தைய விட்டுட்டுப் போயிட்டா என்ன ஆகும்.

“ஒரே பொம்பளைதான் மேடம், சந்தேகமே இல்ல. குழந்தைக்கு ஆபத்து. இந்த வார்த்தையைத் தட்டினதும் ஒரு எச்சரிக்கை வரணும். நானே எழுதிட்டேன்.”

அவர் நீட்டிய தாளில் சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘பெற்ற குழந்தையைக் கைவிடுவது தண்டனைக்குரிய குற்றம்.’ கீழே சட்டப் பிரிவு.

மெஹர்பானு அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“ஆபத்துன்னு சொன்னீங்களே, அது சரிதான். சார், முன்ன ஒருநாள் சொன்னீங்க இல்லையா, உங்க மனைவிக்கு ஆபரேஷன் நடந்ததுன்னு. அப்போ நீங்க போன்ல என்ன தேடினீங்க?”

“அது எதுக்கு இப்ப?”

“என்கிட்ட காட்ட வேணாம். நீங்களே எடுத்துப் பாருங்க.”

கந்தவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் பழைய தேடல்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. மறைக்க நினைத்தவர்போலப் போனைக் கவிழ்த்தார். பிறகு நிமிர்த்தி, தானாகவே உரக்கப் படித்தார்.

“இதய ஆபரேஷன்ல எத்தனை பேர் பிழைக்கிறதில்ல.”

“மனைவி பேர்ல இருக்கிற வீடு யாருக்குப் போகும்.”

“ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எவ்வளவு அரிசி.”

மெஹர்பானு கேட்டார்: “இதெல்லாம் வேற யார் போன்லயாவது இருந்தா என்ன எழுதியிருப்பீங்க?”

“புருஷன் மேல சந்தேகம்னு எழுதியிருப்பேன்.”

“அந்தப் புருஷன் அப்ப என்ன பண்ணிட்டிருந்தார்?”

“ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உட்கார்ந்து நடுங்கிட்டிருந்தேன் மேடம்.” போனை மேசைமேல் வைத்தார். “வீட்டைப் பத்தி ஏன் கேட்டேன்னு இப்பவும் எனக்குப் புரியல. அவ இல்லாம மறுநாள் எப்படி விடியும்னு பயம். யார்கிட்ட கேட்கிறது? பையன் ஏற்கெனவே அழுதுட்டிருந்தான்.”

“அந்த நேரத்துல சிவப்பா ஒரு எச்சரிக்கை வந்திருந்தா?”

“போனை அணைச்சிருப்பேன்.”

அவர் தாளை எடுத்துக் கசக்கினார்.

“இப்ப எழுதுங்க” என்றார் மெஹர்பானு.

மதியம்வரை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். ஆலோசனைப் பிரிவின் மூத்த செவிலியர் அமலோற்பவம் படித்துத் திருத்தினார். ‘பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு இப்படி ஆகிறது. நீங்கள் கெட்ட தாய் இல்லை. இது சிகிச்சையில் சரியாகும். இப்போதே எங்கள் செவிலியரிடம் பேசலாம். பெயர் சொல்ல வேண்டாம்.’ அதன்கீழ் தொலைபேசி எண்.

அன்றே அது இணையதளத்தில் ஏறியது. அழைப்பு வரவில்லை. தேடல்கள் நின்றபாடில்லை. கந்தவேல் தினமும் பிற்பகலில் அமலோற்பவத்தின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வியாழக்கிழமை மணி அடித்தது. எடுத்ததும் குழந்தையின் அலறல் அறைக்கே கேட்டது. அதற்குள் ஒரு பெண்ணின் விசும்பல்.

“குழந்தையைத் தொட்டில்ல போடும்மா” என்றார் அமலோற்பவம். “ஒண்ணும் ஆகாது, அழட்டும். பக்கத்து வீட்டுல யாரு இருக்கா? போய்க் கூட்டிட்டு வா. நான் வைக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன்.”

கந்தவேல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வேறொரு பெண், “குடு புள்ளைய, நீ போய்ப் படு” என்றாள். சற்று நேரத்தில் அலறல் அடங்கியது. மறுநாளே அந்தப் பெண் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடாயிற்று.

அடுத்த வாரம் அதே ஊரிலிருந்து இன்னொரு அழைப்பு. குரல் வேறு. அதற்குப் பிறகு மற்றொன்று.

கந்தவேல் மெஹர்பானுவிடம் ஓடிவந்தார்.

“தப்பாச் சொல்லிட்டேன் மேடம். ஒரே ஆள் இல்ல. மில்லுல மதிய ஷிப்டுக்கு ஆம்பளைங்க போனதும் வீட்டுக்கு வீடு தனித்தனியா அழுதிட்டிருந்திருக்காங்க. பக்கத்து வீட்டுல இருக்கிறவளும் அழுறான்னு ஒருத்திக்கும் தெரியல.”

“இனி தெரியும்” என்றார் மெஹர்பானு. அந்த ஊருக்கே அமலோற்பவத்தை அனுப்பி, பிற்பகலில் தாய்மார்கள் சேர்ந்து உட்கார ஓர் இடம் பார்க்கச் சொன்னார். பள்ளிவாசலை ஒட்டிய மண்டபம் கிடைத்தது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, “நீயுமா?” என்று கேட்டுக்கொண்டார்களாம்.

செய்தி பரவி, ஒரு வார இதழிலிருந்து நிருபர் வந்து வரவேற்பறையில் காத்திருந்தார். கந்தவேல் உள்ளே வந்தார்.

“தாய்மார்களோட ரகசிய மனசைக் கண்டுபிடிச்சவங்கன்னு நம்மளைப் பத்தி எழுதப்போறாராம் மேடம். என்ன சொல்லட்டும்?”

மெஹர்பானு திரையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“யார்கிட்டயும் கேட்க முடியாததை நம்மகிட்ட கேட்டாங்க. நாம என்ன பதில் சொன்னோம்னு எழுதச் சொல்லுங்க சார்.”