பந்தியில் உட்கார்ந்த கே

அந்தக் காலத்தில் எழுத்துகள் நடக்கும், பேசும், கோபம் வந்தால் சாப்பிடாமலும் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மொழியும் ஓர் ஊர். ஊருக்குள் ஒவ்வொரு சொல்லும் ஒரு வீடு. ஒரே பெயருள்ள எழுத்து பல வீடுகளில் இருக்கும். நம் தெருவில் நாலு செல்வம் இருப்பதில்லையா, அப்படித்தான்.

இங்கிலீஷ் ஊரில் கத்தி வீடு என்று ஒன்று இருந்தது. அதில் ஐந்து பேர் குடியிருந்தார்கள். வாசலை ஒட்டி கே. அவனுக்கு அடுத்து என், ஐ, எஃப். கடைசியில் ஈ அக்கா. யாராவது வீட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்து பேரும் வரிசையாகத் தங்கள் ஒலியைக் கொடுக்க வேண்டும். அப்போதெல்லாம் அந்த வீடு "க்னீஃபெ" என்று கணீரென்று கேட்கும். முதல் ஒலி தன்னுடையது என்பதில் கேவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆனால் அந்த ஊர் துறைமுகம். காலையில் ஒரு கப்பல் வரும், மாலையில் ஒரு கப்பல் போகும், ஊர்க்காரர்கள் கால் தரையில் படாமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஓடுகிறவனுக்கு "க்"கையும் "ன்"னையும் ஒட்டிச் சொல்ல நாக்கு எங்கே புரளும்? "க்"கை விட்டுவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடக் கூப்பிடத்தானே குரல் இருக்கும்! கேவின் தொண்டை மெல்ல அடைத்துப் போயிற்று. ஊர்க்கதை பேசச் சொன்னால் பொழுதெல்லாம் பேசுவான். வீட்டுப் பெயரைக் கூப்பிடும்போது மட்டும் வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நமக்குப் பழமொழி. எழுத்துகளுக்கு அதுவே சட்டம். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழா அன்று ஊர்த் தலைவர் வீடு வீடாகப் பெயர் கூப்பிடுவார். ஒலி கொடுக்காத எழுத்தைக் கடற்கரை மணலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அலை ஒன்று வரும். அப்புறம் அங்கே எழுத்து இருக்காது.

திருவிழா நெருங்க நெருங்க கேவுக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. வேறு ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினான். பின்லாந்து மொழி ஊருக்குப் போனான். அங்கே இருந்த எழுத்துகளெல்லாம் ஒன்றுவிடாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. வாசலிலேயே திரும்பிவிட்டான். நம் தமிழ் ஊருக்கும் வந்தான். 'க' அவனை வரவேற்று மோர் கொடுத்தது.

"உனக்கு இடம் தர ஆசைதான் தம்பி. ஆனா இங்க சும்மா இருக்க முடியாதே. என்னையே பாரு. வாசல்ல நின்னா ஒரு குரல், நடுவுல நின்னா ஒரு குரல், ங் பக்கத்துல நின்னா இன்னொரு குரல். ஒத்தை ஆளா எல்லா வேலையும் பாக்கறேன். நீ வந்து பேசாம உக்காந்தா ஊர் என்ன சொல்லும்?"

"ஒரு ஓரமா இருந்துக்கறேனே அண்ணே."

"ஓரத்துல இருக்கறவங்களும் இங்க ஒலிக்கணும்பா."

மோர்ச்சொம்பைக் கழுவி வைத்துவிட்டு கே ஊர் திரும்பினான். எங்கேயோ போய் அழிவதைவிட சொந்த வீட்டு வாசலில் இருந்து போவது மேல் என்று தோன்றியது.

திருவிழா நாளும் வந்தது. அந்த வருஷம் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. கடல் கடந்து அச்சுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் எந்த வரிசையில் இருக்கிறார்களோ அப்படியே ஈயத்தில் வார்த்துவிடப் போகிறார்களாம். வார்த்தால் வார்த்ததுதான், மாற்ற முடியாது. விட்டுப்போனவன் விட்டுப்போனவன்தான்.

வழக்கப்படி முதலில் பெயர் கூப்பிடுவார்கள், பிறகுதான் பந்தி. ஆனால் அச்சுக்காரர்களோ கப்பலில் வயிறு காய்ந்து வந்தவர்கள். வந்தவர்களைப் பட்டினி போட்டு அறியாத ஊர் அது. எந்தக் கரையிலிருந்து எந்த எழுத்து வந்து நின்றாலும் "உட்காருங்க, முதல்ல சாப்பிடுங்க" என்று இழுத்து உட்காரவைத்து, பேர் என்ன என்று அப்புறம் கேட்கிற ஊர். ஆகவே தலைவர் கையைத் தட்டினார்.

"முதல்ல இலையைப் போடுங்கப்பா! பேரை அப்புறம் பாத்துக்கலாம்!"

இங்கிலீஷ் ஊரில் வாழையிலை ஏது என்று கேட்காதீர்கள். கதையில் எல்லா ஊரிலும் வாழை குலை தள்ளும்.

வீடு வீடாக வரிசையில் உட்கார்ந்தார்கள். கே மட்டும் தூணோரம் நின்றான். ஈ அக்கா அவனைப் பார்த்துவிட்டாள்.

"ஏன்டா நிக்கற? வா."

"வேண்டாம்க்கா. குரல் இல்லாதவனுக்கு எதுக்கு இலை? வேஸ்ட்."

"இலைக்கு நீ வேஸ்டா, உனக்கு இலை வேஸ்டா? பேசாம வந்து உக்காரு."

அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து, என்னுக்கு முன்னால் அவனுடைய பழைய இடத்தில் உட்கார வைத்தாள். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய்த் தன் இலை முன் உட்கார்ந்தாள். கேவின் இலையில் சோறு விழுந்தது. பருப்பும் நெய்யும் விழுந்தன. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

எல்லா இலையிலும் பரிமாறி முடிந்ததும் தலைவர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவர் ஏ. ஊரிலேயே முதல் எழுத்து. எச், ஈ, ஏ, டி என்று நாலு பேர் இருக்கிற தலை வீட்டுக்காரர். தலைவர் வேறு எங்கே குடியிருப்பார்? உரத்த குரல், பெரிய மீசை.

"கத்தி வீடு!" என்றார்.

கே வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மற்றவர்கள் "நைஃப்" என்றார்கள். பந்தியே கேவைத் திரும்பிப் பார்த்தது.

"கே, எழுந்திரு."

கே இலையை மூடப் போனான். அதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து ஈ அக்காவின் குரல் வந்தது.

"தலைவரே, பந்தியில உக்காந்தவங்களை எழுப்பலாமா?"

தலைவருக்குச் சுருக்கென்றது. ஊருக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் மார்தட்டிச் சொல்கிற வழக்கம் அது. இலை போட்டபின் எதிரியையும் எழுப்ப மாட்டோம் என்பார். இப்போது அச்சுக்காரர்கள் வேறு சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"எழுப்பக் கூடாதுதான். ஆனா கூப்பிட்டா ஒலி குடுக்கணுமே?" என்றார்.

"சாப்பிடும்போது பேசக் கூடாதுன்னு உங்க வீட்டுல சொல்லித்தரலையா?"

பந்தி சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஈ அக்கா எழுந்தாள். தானாக எழுந்தால் குற்றமில்லையே.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கும் இந்த வீட்டுல குரல் போயி வருஷக்கணக்காச்சு. கடைசியில உக்காந்து உதட்டை மட்டும் அசைச்சுட்டு வரேன். கேவை அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்புங்க."

கேவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை நாள் இந்த வீட்டில் தான் ஒருவன்தான் திருடன்போல ஒளிந்து வாழ்கிறோம் என்று நினைத்திருந்தான்.

ஐ பதறிப்போனான். "அக்கா போனா நானும் சரியா ஒலிக்க மாட்டேன். அந்தப் பக்கம் அவங்க உக்காந்திருக்கற தைரியத்துலதான் என் பேரையே நான் உரக்கச் சொல்றேன்!"

அவ்வளவுதான், மடை திறந்தது. கட்டைவிரல் வீட்டு பி, "எனக்கும் இல்ல" என்றான். இரவு வீட்டில் நடுவே உட்கார்ந்திருந்த ஜியும் எச்சும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கும்" என்றார்கள். எழுதுகிற வீட்டு டபிள்யூ விம்மி விம்மி அழுதான். ஊரில் பாதிப் பேர் பயந்து பயந்து வாயசைத்துக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் அப்போதுதான் கவனித்தார், தன் வீட்டுக்காரர்களும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசையைத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது.

"எச்சு, ஈ, டி. நீங்க மூணு பேரும் 'ஹெட்'னு சொல்லும்போது..." பெருமூச்சு விட்டார். "நான் சும்மாதான் உக்காந்திருக்கேன். யாராவது கண்டுபிடிச்சிருவாங்களோன்னுதான் மத்த நேரமெல்லாம் இவ்வளவு சத்தமாப் பேசறேன்."

பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலை வீட்டு வரிசையில் ஈயும் டியும் தள்ளி உட்கார்ந்து நடுவில் இடம் விட்டார்கள்.

"உக்காருங்க தலைவரே. பாயசம் வருது," என்றான் கே.

தலைவர் உட்கார்ந்தார். தோளிலிருந்து மூட்டையை இறக்கியவர்போல இருந்தது அவர் முகம். கே சோற்றை ஓர் உருண்டை பிடித்து வாயில் போட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கினான்.

சாப்பாடு முடிந்ததும் அச்சுக்காரர்கள் ஈயத்தை உருக்கி, பந்தியில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே, பேசினவர் பேசாதவர் பார்க்காமல் வார்த்து முடித்தார்கள். கடற்கரையில் அலை வந்து வெறும் மணலை நனைத்துவிட்டுப் போயிற்று.

அன்று முதல்தான், இங்கிலீஷ் சொல்லில் வாய் திறக்காமல் ஓர் எழுத்து உட்கார்ந்திருந்தாலும் அதை யாரும் எழுப்புவதில்லை. "இது எதுக்கு இங்க சும்மா இருக்கு?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை சலித்துக்கொண்டால், அது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.