தோற்றேன், சுவாமி

இலுப்பூர் அம்சவல்லியை நாடகக்காரர்கள் எல்லோரும் வாத்தியார் என்றுதான் அழைத்தார்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அது பொருந்துமா என்று சிலர் கேட்டதுண்டு. ஆனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டதால் நானும் 'சொன்னாள்' என்று எழுதாமல் 'சொன்னார்' என்றே எழுதுகிறேன்.

பதினாறு வயதில் மேடையேறி, இருபது வருடம் பழைய ராஜா ராணி நாடகங்களில் ஸ்திரீபார்ட் கட்டினார், அதாவது கதாநாயகி வேஷம். பிறகு சென்னைக்குப் போய் ஏழு வருடம் நவீன நாடகங்களில் நடித்தார். இப்போது புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் பெண்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறார்.

சிஷ்யைகளில் சகாயராணி மட்டும் வாத்தியாரைவிட ஒன்பது வயது மூத்தவள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்தாள். மகன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். வாத்தியார் அவளை 'அக்கா' என்று கூப்பிடுவார். அதில் கொஞ்சம் மரியாதை, நிறையக் கிண்டல்.

வெள்ளிக்கிழமை ஒரு திருவிழாவில் அவளுக்கு முதல் மேடை. நாடகம் 'உப்புக்காரி கல்யாணம்'. மாறுவேடத்தில் வரும் ராஜா, உப்பு விற்கும் பெண்ணோடு தர்க்கம் செய்வார். தர்க்கத்துக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. அவர் எதையும் கேட்கலாம், அவள் எதையும் சொல்லலாம். ஆனால் கடைசி வரி மட்டும் எழுதி வைத்தது. ராஜா மாலையை உயர்த்திப் பிடித்து நிற்பார். அவள் 'தோற்றேன், சுவாமி' என்று சொல்லித் தலைகுனிந்தால்தான் மாலை விழும், கல்யாணப் பாட்டு தொடங்கும்.

ராஜாவாக வருபவர் வையம்பட்டி தங்கவேல். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, ஆனால் கணீரென்ற குரல். புதிதாக வரும் பெண்களைக் குத்திக் கேட்பதில் அவருக்கு ஒரு ருசி. போன வருடம் இரண்டு பேர் பாதியில் அழுதுகொண்டே மேடையைவிட்டு இறங்கினார்கள். இறங்கியவர்களை அப்புறம் எந்த ஊரும் கூப்பிடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்பது சகாயராணிக்குத் தெரியும்.

புதன்கிழமை காலையில் அவள் கேட்டாள். "வாத்தியாரே, எம்புட்டு நல்லாப் பேசினாலும் கடைசியில தோத்தேன்னு சொல்லித்தானே ஆகணும். அப்புறம் எதுக்குத் தர்க்கம்?"

வாத்தியார் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து ஒரு கம்பளிப் போர்வையைப் பிழியாமல் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க அக்கா. நீங்கதான் ராஜா. நான் அந்த வரியைச் சொன்னதும் இறக்கலாம்."

சகாயராணி தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் முழங்கை வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. வாத்தியார் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். ஆற்றி ஆற்றிக் குடித்தார். பேப்பரில் சினிமாப் பக்கம் முழுவதையும் படித்தார்.

"சொல்லுங்க வாத்தியாரே."

"என்ன அவசரம்?"

அவளுடைய தோள் நடுங்க ஆரம்பித்தது.

"வாத்தியாரே, கை விட்டுப்போகுது."

"சென்னையில ஒரு நாடகத்துல நாற்பது நிமிஷம் நாற்காலியில சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வசனம் கிடையாது. முதல்ல ஜனங்க இருமினாங்க. அப்புறம் இருமறதுக்கே பயந்துட்டாங்க."

போர்வை தொப்பென்று விழுந்தது.

"இப்பக் கேளுங்க அக்கா, அந்தக் கேள்வியை."

சகாயராணி கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேறொன்று கேட்டாள். "இருபது வருஷமா நீங்க அந்த வரியைச் சொன்னீங்களே?"

"சொன்னேன். எனக்கு யாரும் போர்வையைக் குடுக்கல."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. மைதானம் நிறைந்திருந்தது. சகாயராணி கூடையோடு வந்ததுமே தங்கவேல் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, உப்பு விக்க வந்தியா, பேரனுக்குப் பொண்ணு பாக்க வந்தியா?"

கூட்டம் சிரித்தது. இறங்கும் படி நாலு அடி தள்ளித்தான் இருந்தது. சகாயராணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள்.

"உப்புக்கு வயசு கேக்குற ராஜாவை இப்பத்தான் பாக்குறேன். உப்பு கெட்டுப்போறதில்லை, ராஜா. கெட்டுப்போற சாமானுக்குத்தான் உப்புப் போட்டு வைப்பாங்க. உங்களுக்கு எத்தனை படி வேணும்?"

இப்போது கூட்டம் சிரித்தது வேறு சிரிப்பு. தங்கவேலும் அனுபவஸ்தர், விடவில்லை. ஒரு மணி நேரம் இருவரும் பேசினார்கள். கேள்வி தீர்ந்ததும் அவர் வழக்கம்போல மாலையை உயர்த்தினார். ஆளுயர ரோஜா மாலை. பெரிய மாலையாக வேண்டும் என்று விழாக் கமிட்டியிடம் அவரே கேட்டு வாங்கியது.

சகாயராணி பேசாமல் நின்றாள்.

ஆர்மோனியம் ஒரு சுற்று வாசித்துவிட்டுக் காத்திருந்தது. மறுபடி வாசித்தது. மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன. முன்வரிசைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு மைதானம் முழுக்கப் பேச்சு நின்றுபோனது. தங்கவேலின் கை நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் வரியை மறந்துவிட்டாள் என்று நினைத்தார் அவர். புதியவர்கள் மறப்பது சகஜம்தான். முணுமுணுத்து எடுத்துக்கொடுத்தார். அவள் காதில் விழாதவள்போல நின்றாள். அவர் ஒரு அடி முன்னால் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் உரக்க எடுத்துக்கொடுத்தார்.

முன்னால் மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"தோற்றேன்" என்று ராஜாவின் குரல் எட்டு ஒலிபெருக்கியிலும் கணீரென்று கேட்டது.

மைதானம் எழுந்து நின்றது. சகாயராணி அவர் கையிலிருந்து மாலையை வாங்கி, அவர் கழுத்திலேயே போட்டாள். ஆர்மோனியக்காரர் வேறு வழியில்லாமல் கல்யாணப் பாட்டைத் தொடங்கினார்.

நாடகம் முடிந்ததும் தங்கவேல் ஒப்பனைக் கொட்டகைக்கு வந்தார். மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. சகாயராணி பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் அவர் பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம் பேசினார்.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்த நாடகம் ஆடுறேன் அம்சா. ஒரு ஊர்லயும் அந்த வரி இல்லாம முடிஞ்சதில்லை. உன் ஆளு இன்னைக்கு அதை விட்டுட்டா. தோற்றேன்னு ஒரு வார்த்தை வரல."

வாத்தியார் அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"வந்துச்சுண்ணே" என்றார். "கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு."