பேச்சியம்மாள் கூட்டிய வேகம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். அங்கே பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் பேச்சியம்மாள். ஒருநாள் வியாபாரி ஒருவர் வேறொரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார்.

“உங்க டிஸ்க் நொடிக்கு வெறும் 625 கிலோபைட். இது 5000 கிலோபிட்!”

மேனேஜர் கனகசபாபதி வாயைப் பிளந்தார். பேச்சியம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“என்ன இளிப்பு? உன் டிஸ்க்கை இப்பவே 5000 ஆக்கு. இல்லேன்னா நீ குடோனுக்குப் போ!” என்று இடமாற்றக் கடிதத்தையே எழுதிவிட்டார் அவர்.

பேச்சியம்மாள் பேனாவை எடுத்தாள். பழைய டிஸ்க்கின் லேபிளில் 625 கிலோபைட்டை அடித்துவிட்டு, 5000 கிலோபிட் என்று எழுதினாள்.

“ஆச்சு சார்.”

“என்னடி, கேலியா?”

“எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட் சார். 625ஐ எட்டால பெருக்கிப் பாருங்க. நம்மளுதை பைட்டுல சொன்னவர், தன்னோடதை மட்டும் பிட்டுல சொல்றார்.”

ஒரே முருகன் படத்தை இரண்டு டிஸ்க்கிலிருந்தும் திறந்து பார்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆனது. வியாபாரி சத்தமில்லாமல் பையைக் கட்டினார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “எனக்கு அப்பவே தெரியும். உன்னைச் சோதிச்சேன்.”

“அப்போ இந்தக் கடிதமும் சோதனைக்குத்தானே சார்?” என்றபடி அதை நாலாகக் கிழித்து, அவர் கையிலேயே கொடுத்தாள் பேச்சியம்மாள்.